காற்புள்ளியில் வெட்டினால் போதாதா? சிஎஸ்வி பார்சர் எழுதப் போகும் நண்பருக்கு ஒரு பதில்

கடலூரிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியை மேலோட்டமாகப் பார்த்தால் இவ்வளவுதான்: கிளை அலுவலகங்களிலிருந்து வரும் சிஎஸ்வி கோப்புகளை, அதாவது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட உரைத் தரவுகளை, வாசிக்க ஒரு லைப்ரரி (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) எழுத வேண்டும், ஒவ்வொரு வரியையும் காற்புள்ளியில் வெட்டும் ஒற்றை வரி நிரல் போதாதா, போதாதென்றால் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் உரைப் பொருத்தக் கோவையைக் கொண்டு முடித்துவிடலாமா? ஆனால் அவருடைய உண்மையான கேள்வி கடைசி வரியில் இருக்கிறது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு திருத்தம் போட்டுப் போட்டு நிரல் முழுக்க ஒட்டுத்துணி ஆகிவிட்டது என்கிறார். ஆக, காற்புள்ளியில் எப்படி வெட்டுவது என்பதல்ல அவருடைய சிக்கல். வருகிற கோப்பு ஒழுங்காக இல்லாதபோது லைப்ரரி எதைத் தானே தீர்மானிக்கலாம், எதை அழைக்கும் நிரலிடம் விட்டுவிட வேண்டும் என்பதே சிக்கல். அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன்.

புதுச்சேரியில் சிறு கடைகளுக்கும் ஏற்றுமதி செய்பவர்களுக்கும் கணக்கு, இருப்பு மென்பொருள் எழுதிக் கொடுப்பது இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் தொழில். இந்தக் காலத்தில் மூன்று முறை சிஎஸ்வி பார்சர், அதாவது கோப்பின் உரையைப் பதிவுகளாகவும் (வரிசைகள்) புலங்களாகவும் (அவற்றின் தனித்தனி மதிப்புகள்) பிரிக்கும் நிரல், எழுதியிருக்கிறேன். முதல் இரண்டும் தவறாக எழுதப்பட்டவை, இரண்டாவது தவறானது என்பது தெரியவே பல மாதங்கள் ஆயின. நான் கையாண்ட கோப்புகளில் பெரியவை சில நூறு மெகாபைட்டுகள்தாம். அதற்கு மேற்பட்ட அளவுகளைப் பற்றி நான் சொல்வதைப் படித்தறிந்ததாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. சிஎஸ்வி யாரும் வகுத்துக் கொடுத்த வடிவம் அல்ல, பழக்கத்தில் வளர்ந்தது. 1972இலேயே ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் கம்பைலரில் காற்புள்ளியால் பிரித்த உள்ளீடு வந்துவிட்டது. ஆனால் ‘வழக்கத்தில் இருப்பது இதுதான்’ என்று எழுதி வைத்த இணையத் தொழில்நுட்ப ஆவணம், ஆர்எஃப்சி 4180, 2005 அக்டோபரில்தான் வெளியானது. அதுவும் தகவலுக்கான ஆவணம் என்ற வகையிலேயே, கட்டாயத் தரநிலையாக அல்ல. அது சொல்வது சுருக்கமானது. புலங்களைக் காற்புள்ளி பிரிக்கும். பதிவின் முடிவில் வரிமுறிவு வரும், கடைசிப் பதிவுக்கு அது இல்லாமலும் இருக்கலாம். புலத்துக்குள் காற்புள்ளியோ வரிமுறிவோ இரட்டை மேற்கோள்குறியோ வந்தால் புலம் முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். உள்ளே வரும் மேற்கோள்குறியை இரண்டு முறை எழுத வேண்டும். இடைவெளிகள் புலத்தின் பகுதியே, அவற்றை நீக்கக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆவணத்தின் இலக்கண விதிகளை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் புலத்துக்குள் ஆங்கில விசைப்பலகையின் ஆஸ்கி எழுத்துகளுக்கு மட்டுமே இடம் உண்டு; தமிழின் ஓர் எழுத்துக்குக்கூட இடமில்லை. 2014இல் வந்த ஆர்எஃப்சி 7111தான், குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாக வைக்கும் முறை, குறிப்பிடப்படாவிட்டால் எல்லா மொழிகளையும் எழுதக்கூடிய யுடிஎஃப்-8 என்று கொள்ளலாம் என்றது. ஆகவே ‘எங்கள் லைப்ரரி 4180ஐ முழுமையாகப் பின்பற்றுகிறது’ என்று விளக்கக் குறிப்பில் எழுதாதீர்கள். அந்த ஆவணம் பேசாமல் விட்ட இடங்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஒற்றை வரி நிரல் ஏன் போதாது என்பதற்கு உங்கள் ஊர் முகவரியே சாட்சி. ‘104,"12, பாரதி சாலை, மஞ்சக்குப்பம்",கடலூர்’ என்ற பதிவில் புலங்கள் மூன்று. காற்புள்ளியில் வெட்டினால் ஐந்து. இதைப் பெரும்பாலோர் முதல் நாளே கண்டுகொள்கிறார்கள். இரண்டாவது தவறு இதைவிட ஆழமானது, நானும் அதைச் செய்தேன். கோப்பை முதலில் வரி வரியாகப் பிரித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வரியையும் புலங்களாக்குவது. மேற்கோளுக்குள் வரிமுறிவு வரலாம் என்பதால் ‘வரி’ என்பதும் ‘பதிவு’ என்பதும் ஒன்றல்ல. எக்செல்லில் ஒரு கட்டத்துக்குள் ஆல்ட் விசையோடு என்டரை அழுத்தி முகவரியை மூன்று வரியில் தட்டச்சு செய்யும் எழுத்தர் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருக்கிறார். வரிகளாகப் பிரித்த பிறகு அவற்றை மீண்டும் ஒட்டுவதற்கு எழுதும் நிரல், சரியாக எழுதியிருக்கவேண்டிய பார்சரைவிட நீளமாகிவிடும்.

ரெகுலர் எக்ஸ்பிரஷனைப் பொறுத்தவரை, முடியாது என்று சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். சிஎஸ்வியின் அடிப்படை இலக்கணம் கோட்பாட்டளவில் ரெகுலர் மொழிதான். அதற்கு ஒரு கோவையை எழுத முடியும். பொருந்தாதபோது எந்த இடத்தில், ஏன் பொருந்தவில்லை என்று அது சொல்லாது. கோப்பைத் துண்டு துண்டாக வாசிக்கும்போது பாதியில் நின்று தொடரவும் தெரியாது. இந்த இரண்டு காரணங்களுக்காகவே அதை விட்டுவிடச் சொல்கிறேன். மாற்றாக எழுத வேண்டியது ஒரு சிறிய ஸ்டேட் மெஷின்: ஒரு நேரத்தில் ஓர் எழுத்தைப் பார்த்து, தான் இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கும் நிரல். நிலைகள் ஐந்து போதும். புலத்தின் தொடக்கம், மேற்கோள் இல்லாத புலத்தின் நடு, மேற்கோளுக்குள், மேற்கோளுக்குள் இருக்கும்போது இன்னொரு மேற்கோளைப் பார்த்துவிட்ட நிலை, இரண்டு எழுத்துகளாக வரும் விண்டோஸ் வரிமுறிவின் முதல் பாதியைப் பார்த்துவிட்ட நிலை. எல்லாச் சிக்கலும் நான்காவது நிலையில்தான் குடியிருக்கிறது. அங்கே அடுத்து வருவது இன்னொரு மேற்கோள் என்றால் அது உள்ளடக்கத்தின் பகுதி; காற்புள்ளி என்றால் புலம் முடிந்தது; வரிமுறிவோ கோப்பின் முடிவோ என்றால் பதிவு முடிந்தது. வேறு ஏதாவது எழுத்து வந்தால் என்ன செய்வது? இந்த இடத்தில்தான் லைப்ரரிகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன, என் இரண்டாவது பார்சர் தவறியதும் இங்கேதான்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு ஹார்டுவேர் கடையின் இருப்புப் பட்டியலை வேறொருவர் எழுதிய பில் மென்பொருளிலிருந்து எடுத்து எங்கள் நிரலில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்த மென்பொருள் ஒவ்வொரு பொருளின் பெயருக்கும் இரண்டு பக்கமும் மேற்கோள்குறியை ஒட்டியதே தவிர, பெயருக்குள் இருக்கும் மேற்கோளை இரட்டிக்கவில்லை. இரண்டு அங்குலக் குழாயை நம் கடைகளில் 2" என்றுதான் எழுதுவார்கள். ஆகவே கோப்பில் ஒரு வரி ‘"பிவிசி பைப் 2"",40,நெல்லிக்குப்பம்’ என்றும், அடுத்த வரி ‘"சிமென்ட்",15,பண்ருட்டி’ என்றும் இருந்தன. சரியாக எழுதியிருந்தால் முதல் வரியில் 2க்குப் பின் மூன்று மேற்கோள்குறிகள் இருந்திருக்க வேண்டும். இப்போது ஸ்டேட் மெஷின் போகும் வழியைப் பாருங்கள். 2க்குப் பின் வரும் இரண்டு மேற்கோள்களை அது உள்ளடக்கமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே புலம் முடியவில்லை. 40, நெல்லிக்குப்பம், வரிமுறிவு எல்லாம் பொருளின் பெயருக்குள் போகின்றன. அடுத்த வரியின் முதல் மேற்கோள் வந்ததும் புலம் முடியப்போகிறது என்று நினைக்கிறது. ஆனால் அடுத்து வருவது ‘சி’. கண்டிப்பான பார்சர் இங்கே நின்று பிழை சொல்லும். தாராளமான பார்சர் அந்த ‘சி’யையும் புலத்தோடு சேர்த்துக்கொண்டு, மேற்கோள் இல்லாத புலம்போல் தொடரும், சிமென்ட் என்பதற்குப் பின் உள்ள மேற்கோளைச் சாதாரண எழுத்தாக விழுங்கும், பிறகு காற்புள்ளி, 15, காற்புள்ளி, பண்ருட்டி. முடிவில் கிடைப்பது ஒரே பதிவு, அதிலும் சரியாக மூன்று புலங்கள். நெடுவரிசைகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் சோதனையும் இதைப் பிடிக்காது. நாற்பது குழாய்கள் இருப்பிலிருந்து ஓசையின்றி மறைந்துவிட்டன. கடைக்காரர் ஆண்டுக் கணக்கெடுப்பில் கையால் எண்ணியபோதுதான் தெரிந்தது.

பைத்தானோடு வரும் சிஎஸ்வி தொகுதி, 2003இல் வந்த 2.3ஆம் பதிப்பிலிருந்து உள்ளது, இயல்பான அமைப்பில் இப்படித் தாராளமாகவே நடந்துகொள்ளும். கண்டிப்பு வேண்டுமென்றால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதை எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. எக்செல் எதையும் திறந்துவிடுகிறது, ஆகவே நாமும் திறக்க வேண்டும் என்பது அன்றைய நியாயம். ஆர்எஃப்சி 4180கூட, அனுப்பும்போது கட்டுப்பாடாகவும் பெறும்போது தாராளமாகவும் இருங்கள் என்ற பழைய இணைய நெறியை எடுத்துக்காட்டுகிறது. என் கருத்து இதற்கு நேர்மாறானது: இயல்பான அமைப்பு கண்டிப்பாக இருக்க வேண்டும், தாராளம் என்பது பயன்படுத்துபவர் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் சலுகையாக இருக்க வேண்டும். இது உறுதியான உண்மை அல்ல, என் தீர்ப்பு. தரவின் ஒரு பதிவு போனாலும் பரவாயில்லை, ஓட்டம் நிற்கக் கூடாது என்ற இடங்களில், எடுத்துக்காட்டாகக் கணினிகள் தம் இயக்கம் பற்றி எழுதி வைக்கும் பதிவுக் குறிப்புகளை ஆராயும் நிரல்களில், எதிர்க் கருத்துக்கும் நியாயம் உண்டு. பணமும் இருப்பும் பெயர்ப் பட்டியலும் கையாளும் இடத்தில் எனக்குச் சந்தேகமில்லை.

கண்டிப்பு என்றால் வெறுமனே ‘பிழை’ என்று கத்துவது அல்ல. மூடாத மேற்கோள் இருந்தால் பார்சர் கோப்பின் கடைசிவரை ஓடிவிட்டு ‘எதிர்பாராத முடிவு, வரி 48,210’ என்று சொல்லும். அந்த வரியைத் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இருக்காது, ஏனென்றால் தவறு நடந்தது 312ஆம் வரியில். எனவே மேற்கோள் திறந்த இடத்தின் வரி எண்ணையும் பைட் இடத்தையும் தனியே வைத்துக்கொண்டு, பிழைச் செய்தியில் அதை முதலில் சொல்ல வேண்டும். இதோடு புலத்தின் நீளத்துக்கு ஓர் உச்ச வரம்பும் வையுங்கள். பைத்தானின் தொகுதியில் அது இயல்பாக 1,31,072 எழுத்துகள். மூடாத மேற்கோள் பெரும்பாலும் அந்த வரம்பில் மோதிச் சீக்கிரமே வெளிப்படும், நினைவகமும் தப்பும். வரம்பைத் தாண்டியதும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது முக்கியம். 2020 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கோவிட் தொற்றுப் பதிவுகள் அறிக்கையில் சேராமல் போனதற்குக் காரணம், ஆய்வகங்களிலிருந்து வந்த கோப்புகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியதும், அந்த வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லாததும், இடமில்லை என்று எதுவும் தடுத்து நிறுத்தாததும்தான்.

அடுத்தது எழுத்துக் குறியாக்கம். தமிழ்த் தரவைக் கையாளப் போகும் உங்களுக்கு இதுதான் அதிகம் உழைக்க வேண்டிய இடம். யுடிஎஃப்-8 என்றால் கவலையில்லை: தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள், மூன்றுமே 127க்கு மேற்பட்டவை; காற்புள்ளியின் பைட் எண் 44, மேற்கோள் 34, வரிமுறிவுகள் 10, 13. ஆகவே எழுத்துகளாக மாற்றாமலே பைட்டுகளின் மேல் ஸ்டேட் மெஷினை ஓட்டலாம், எந்தத் தமிழ் எழுத்தின் நடுவிலும் பொய்யான காற்புள்ளி தென்படாது. யுடிஎஃப்-16 என்றால் இது செல்லாது. அங்கே குஜராத்தி, குர்முகி எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட்டுகள், அவற்றில் மேல் பைட் 10. பைட்டாகப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு வரிமுறிவு. தமிழின் மேல் பைட் 11 என்பதால் ஓர் எண்ணிக்கையில் தப்பிவிட்டோம் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு, ஆனால் சரியான வழி முதலில் யுடிஎஃப்-8க்கு மாற்றிவிட்டுப் பிறகு பார்சரிடம் கொடுப்பதுதான்.

பழைய எழுத்துருக் கோப்புகள் வேறு வகை. திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் தமிழ் எழுத்துகள் 127க்கு மேற்பட்ட இடங்களில் இருப்பதால் காற்புள்ளிக்குச் சேதமில்லை. புலங்களாகப் பிரித்துவிட்டு ஒவ்வொன்றையும் யுனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். பாமினியில் அப்படி முடியாது. அந்த எழுத்துரு ஆங்கில விசைகளின் இடங்களிலேயே தமிழ் உருவங்களை வரைந்தது, அதில் காற்புள்ளியின் இடத்தில் அமர்ந்திருப்பது ‘இ’. வடலூர்ப் பக்கத்துப் பெயர்ப் பட்டியல் ஒன்றில் இராமலிங்கம் என்ற பெயர் எத்தனை முறை வரும் என்று உங்களுக்கே தெரியும். பாமினியில் தட்டச்சு செய்து காற்புள்ளியால் பிரித்து, மேற்கோளும் இடாமல் சேமித்திருந்தால், அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் வெற்றுப் புலம் ஒன்றோடு தொடங்கும். சரி, அரைப்புள்ளியால் பிரித்துத் தாருங்கள் என்று கேட்டு நான் ஒருமுறை சிக்கலைப் பெரிதாக்கினேன். பாமினியில் அரைப்புள்ளி என்பது மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளி. ஒரு பெயருக்கு இரண்டு மூன்று வெட்டு விழுந்தது. இத்தகைய கோப்பை எந்தப் பார்சரும் நம்பகமாகப் பிரிக்க முடியாது, ஏனென்றால் பிரிப்பானும் எழுத்தும் ஒரே பைட்; தேவையான செய்தி கோப்பிலேயே இல்லை. தாவல் குறியால் பிரித்து மீண்டும் வாங்குவதுதான் நான் கண்ட ஒரே வழி. லைப்ரரி இதைச் சமாளிக்க முயலக் கூடாது. உங்கள் ஒட்டுத்துணியின் ஒரு பகுதி இப்படி வந்திருக்குமோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

குறியாக்கம் தவறாக இருப்பது தெரிந்தால் மாற்றுக் கேள்விக்குறியைப் போட்டு நகர்ந்துவிடாமல் பிழை சொல்லுங்கள். கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் இருந்தால் அது யுடிஎஃப்-8 அடையாளக் குறி. எக்செல் அதை நம்பித்தான் தமிழைச் சரியாகத் திறக்கிறது. அதை நீக்காவிட்டால் முதல் நெடுவரிசையின் தலைப்பு கண்ணுக்கு ‘பெயர்’ என்றே தெரியும், ஆனால் ‘பெயர்’ என்று தேடினால் கிடைக்காது. இதற்காக ஒரு மதியத்தை இழக்காத நிரலரை நான் பார்த்ததில்லை. தமிழுக்கே உரிய இன்னொன்று: ‘கொ’ என்பதை ஒரே ஒகரக் குறியோடும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம், யுனிகோடின் விதிப்படி இரண்டும் சமம், பைட்டுகள் வேறு. ‘கொள்முதல்’ என்ற தலைப்பு ஒரு கிளையிலிருந்து ஒரு விதமாகவும் இன்னொரு கிளையிலிருந்து வேறு விதமாகவும் வரலாம். தலைப்புகளை ஒப்பிடும்போது மட்டும் இயல்பு வடிவாக்கம் செய்து இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள், தரவைத் தொடாதீர்கள்.

பிரிப்பான் எது என்பதை லைப்ரரியே கண்டுபிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். புதுச்சேரியில் இது அன்றாடக் கேள்வி. பிரான்சிலிருந்து வரும் கோப்புகளிலும், இங்கேயே பிரெஞ்சு வட்டார அமைப்பில் ஓடும் கணினிகளிலும் பதின்மப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி வருவதால், எக்செல் சிஎஸ்வி என்று சேமிக்கும்போது அரைப்புள்ளியால் பிரிக்கிறது. ‘மிளகு;12,50;கிலோ’ என்ற வரியைக் காற்புள்ளிக் கோப்பு என்று எண்ணினால் இரண்டு புலங்கள், அரைப்புள்ளி என்றால் மூன்று. நம் ஊர்க் கோப்பில் அதே காற்புள்ளி 1,00,000 என்ற இலக்கப் பிரிப்பாகவும் வரும். ஊகிப்பது பெரும்பாலும் சரியாக வரும். தவறும்போது தவறியது தெரியாமல் தவறும் என்பதுதான் சிக்கல். ஆகவே ஊகிக்கும் செயல்கூறு (ஃபங்ஷன்) ஒன்றைத் தனியாகக் கொடுங்கள். அது தன் ஊகத்தையும் காரணத்தையும் திருப்பித் தரட்டும். அதை ஏற்பதா என்பதை அழைப்பவர் முடிவு செய்யட்டும். வாசிக்கும் செயல்கூறு தானாக அதை ஓட்டக் கூடாது. உங்கள் நிலையில் இன்னும் எளிது: கிளைகள் எத்தனை என்பது தெரியும், ஒவ்வொன்றுக்கும் பிரிப்பான், மேற்கோள், குறியாக்கம் ஆகியவற்றைக் கூறும் ஓர் அமைப்புப் பொருளை எழுதி வைத்துவிடலாம். இப்போது நிரலெங்கும் சிதறிக் கிடக்கும் திருத்தங்களில் பாதி அங்கே போய் அடங்கும்.

புலங்களை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றுவது பார்சரின் வேலை அல்ல. இதை நான் தயக்கமின்றிச் சொல்கிறேன். புதுச்சேரியின் 0413உம் கடலூரின் 04142உம் எண்ணாக மாறினால் முன்னால் உள்ள சுழி போய்விடும். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியம் வைத்திருக்காததால் 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சுழியாகிவிடும். 03/04 என்பது நம் ஊரில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. மார்ச், செப்ட் என்று தொடங்கும் மரபணுக் குறியீடுகளை எக்செல் தேதியாக மாற்றிக் கெடுத்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்ற நேர்ந்தது. பார்சர் தருவது எப்போதும் உரையாக இருக்கட்டும். வகை மாற்றம் அதன் மேல் தனி அடுக்காக, நெடுவரிசையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மட்டும் நடக்கட்டும். ஒன்றை மட்டும் பார்சர் கூடுதலாகச் சொல்லலாம்: புலம் மேற்கோளுக்குள் இருந்ததா என்று. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் தன் சிஎஸ்வி இறக்குமதியில் மேற்கோளற்ற வெற்றுப் புலத்தை மதிப்பே இல்லாததாகவும், மேற்கோளிட்ட வெற்றுப் புலத்தை வெற்று உரையாகவும் கொள்கிறது. மேற்கோளை உரித்துவிட்டு மறந்துபோனால் இந்த வேறுபாட்டை மேல் அடுக்கு மீட்க முடியாது.

ஆகவே வெளியே தெரியும் முகப்பு மிகச் சிறியதாக இருக்கலாம். ஒரு பைட் ஓடையும் ஓர் அமைப்புப் பொருளும் கொடுத்தால் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தரும் ஒரு செயல்கூறு. ஒவ்வொரு பதிவிலும் புலங்கள், தொடங்கும் வரி எண், பைட் இடம். கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றித் தரும் வசதி வேண்டுமானால் அதை இதன் மேல் நான்கு வரியில் எழுதிக்கொள்ளலாம், மறுதிசையில் முடியாது. புலங்கள் குறைவாக உள்ள பதிவை வெற்று உரையால் நிரப்பிச் சரிக்கட்டாதீர்கள். தலைப்பில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பெயர் வழி அணுகுமுறை பிழை சொல்ல வேண்டும். இல்லையேல் பின்னது முன்னதை மூடிவிடும். வெற்று வரியைப் பொறுத்தவரை சரியான விடை எனக்கும் இல்லை: ஒரே நெடுவரிசை உள்ள கோப்பில் அது வெற்று மதிப்பாக இருக்கலாம், மற்றவற்றில் பெரும்பாலும் யாரோ அழுத்திய என்டர். நான் இயல்பாகத் தாண்டிவிட்டு, எத்தனை தாண்டினேன் என்ற எண்ணிக்கையைத் தருகிறேன்.

சோதனை பற்றி ஒரே ஒரு உத்தி. கோப்பைத் துண்டுகளாக வாசிக்கும் பார்சர்களில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை துண்டின் எல்லையில் ஒளிந்திருந்தவை: மூன்று பைட் தமிழ் எழுத்து இரண்டு துண்டுகளில் பிளந்திருக்கும், இரட்டித்து எழுதிய மேற்கோளில் முதலாவது ஒரு துண்டின் கடைசியிலும் அடுத்தது மறு துண்டின் முதலிலும் இருக்கும், விண்டோஸ் வரிமுறிவு நடுவில் முறிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு சோதனைக் கோப்பையும் இரண்டு முறை ஓட்டுங்கள், ஒருமுறை முழுதாக, ஒருமுறை பைட் பைட்டாக ஊட்டி. விடைகள் இம்மியும் மாறக் கூடாது. மெதுவாக ஓடும், ஆனால் என் மூன்றாவது பார்சரைக் காப்பாற்றியது இதுதான். வேகம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேற்கோளற்ற நீண்ட பகுதிகளை ஓர் எழுத்தாக அல்லாமல் அடுத்த காற்புள்ளி வரை ஒரே தாவலாகத் தாண்டினால் வெளிப்படையான வேறுபாடு கிடைக்கும். ஒரு கோப்பைப் பல துண்டுகளாக்கி ஒரே நேரத்தில் பார்ஸ் செய்ய முயன்றால், நடுவிலிருந்து தொடங்குபவருக்குத் தான் மேற்கோளுக்குள் இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்பது தெரியாது. அதைத் தீர்க்கும் முறைகள் உள்ளன, ஆனால் கிளைக் கோப்புகளுக்கு அது தேவைப்படாது.

எழுதும் பக்கத்தையும் லைப்ரரியில் சேர்ப்பதாக இருந்தால், எழுதியதைத் திரும்ப வாசித்தால் அதே புலங்கள் கிடைக்க வேண்டும் என்பதே முதல் விதி. சமக்குறி, கூட்டல், கழித்தல், அட் குறி ஆகியவற்றில் தொடங்கும் புலங்களை எக்செல் சூத்திரமாக எடுத்துக்கொண்டு இயக்கக்கூடும் என்பதால், பொதுமக்கள் நிரப்பிய படிவத் தரவை எக்செல்லில் திறக்க அனுப்பும்போது ஆபத்து உண்டு. முன்னால் ஒற்றை மேற்கோள் சேர்த்துத் தடுக்கலாம். ஆனால் அது தரவை மாற்றுகிறது, கழித்தலில் தொடங்கும் நியாயமான எண்களையும் கெடுக்கிறது. எனவே அதை இயல்பாக அணைத்து வைத்து, கேட்டால் மட்டும் இயக்குங்கள்.

கடைசியாக, எழுதத்தான் வேண்டுமா என்ற கேள்வி. பிரிக்கும் பகுதிக்கு உங்கள் மொழியில் நன்கு பழகிய லைப்ரரி இருந்தால் அதைக் கண்டிப்பான அமைப்பில் பயன்படுத்துங்கள். உங்கள் உழைப்பைக் கிளைவாரி அமைப்புப் பொருளுக்கும் வகை மாற்ற அடுக்குக்கும் பிழைச் செய்திகளுக்கும் செலவிடுங்கள், ஏனென்றால் அவற்றை வேறு யாரும் உங்களுக்காக எழுதித் தர மாட்டார்கள். கற்றுக்கொள்வதற்காக எழுதுவதானால் ஸ்டேட் மெஷினை இன்றே தொடங்கலாம், இருநூறு வரிகளுக்குள் முடியும். கேள்வியில் நீங்கள் சொன்ன, மாதாமாதம் மூன்று நெடுவரிசைகள் அதிகமாக வரும் அந்தக் கிளையின் கோப்பு பாமினியா, இரட்டிக்காத மேற்கோளா என்பதை இங்கிருந்தபடி சொல்ல முடியாது. சரியாக வந்த ஒரு வரியையும் தவறிய ஒரு வரியையும், ஆட்களின் பெயர்களையும் எண்களையும் மாற்றிவிட்டு, எழுத்தாக அல்லாமல் பைட் எண்களாக இங்கே இடுங்கள். 44உம் 34உம் எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்துச் சொல்கிறேன்.